கடுவன் குட்டிக்கு கேம் பெயர் வைப்பது எப்படி: வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேமில் வரும் பெயர் ஒன்றைக் கடுவன் குட்டிக்கு, அதாவது ஆண் நாய்க்குட்டிக்கு, வைக்க இரண்டு நிமிசம் போதும். அதே பெயரை அடுத்த பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு, விடியப்புறத்திலும் இருட்டிலும், அயல் வளவெல்லாம் கேட்கக் கத்தப்போவதும் நீங்கள்தான். போன் திரைக்குள் கம்பீரமாக இருந்த பெயர் ஒழுங்கைக்கு வந்ததும் வேறு ஒன்றாகிவிடும். பக்கத்து வீட்டு ஐயாவின் பெயராகலாம், தண்ணீர் வண்டியாகலாம், சிலருக்கு மறக்க நினைக்கும் ஒரு சத்தமாகவும் ஆகலாம். அதனால் பெயர்களை அடுக்குவதைவிட, எதை வெட்டுவது என்பதற்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் என்று வன்னியில் எங்கே இருந்தாலும் இது பொருந்தும்.

1. குட்டிக்கு என்ன வேலை என்று முதலில் முடிவெடுங்கள்

கடுவன் குட்டி என்றால் இங்கே ஆட்கள் தேடி வந்து கேட்பார்கள். பெட்டைக் குட்டிகள்தான் சாக்கில் கட்டி சந்தைப் பக்கம் விடப்படுகின்றன. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கடுவனைக் கேட்கிறவர்கள் அனேகமாகக் காவலுக்குத்தான் கேட்கிறார்கள். வாழைக்குலையில் குரங்கு ஏறாமல், உழுந்து காயப்போட்ட படங்கில் மயில் இறங்காமல், கோழிக்கூட்டை இரவில் எதுவும் கிண்டாமல் பார்க்க ஒரு நாய். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டுப் பக்கம் என்றால் யானையும் உண்டு. அங்கே பெயர் ஒரு விளையாட்டு விசயமே இல்லை. யானையைக் கண்டு குரைத்துச் சினமூட்டிவிட்டு நாய் திரும்பி ஓடிவருவது உங்கள் கொட்டிலுக்குத்தான், யானையும் பின்னால் வரும். குரைக்கத் தொடங்கியவுடனேயே ஒரே கூப்பிடலில் அதை உள்ளே எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாய்க்கு 'டொமி வெர்செட்டி' என்று ஒரு கேம் கதாநாயகனின் முழுப்பெயரைச் சொல்லி முடிக்க நேரம் இருக்காது.

வாசலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாலாட்டும் செல்லநாய் என்றால் கொஞ்சம் நீளமான பெயரும் தாங்கும். பொமேரியன் வளர்க்கும் கடை முதலாளிகள் இந்த வகையில் வருவார்கள்.

2. பெயர் தேட எங்கே போவது

போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்சாரம் இருக்கவில்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ரிவியில் கசெட் செருகி மாரியோவும் கொன்ராவும் விளையாடிய காலத்தில் இங்கே மண்ணெண்ணெய் விளக்குத்தான். அதனால் எங்கள் பெடியளுக்கு கேம் என்பது பெரும்பாலும் போனோடு வந்த பொருள். 2017இல் வந்த ஃப்ரீ ஃபயரும் 2018இல் போனுக்கு வந்த பப்ஜியும்தான் அவர்களின் முதற் காதல். குட்டிக்குப் பெயர் வை என்றால் முதலில் வாயில் வருவதும் அந்த இரண்டில் இருந்துதான். கொஞ்சம் வெளியே போய்த் தேடினால் நல்ல பெயர்கள் நிறையக் கிடக்கின்றன.

கேமுக்குள்ளேயே இருக்கும் நாய்களில் இருந்து தொடங்குங்கள். 2013இல் வந்த ஜீரிஏ ஐந்தில் பிராங்ளினோடு திரியும் ரொட்வைலரின் பெயர் சொப். கறுப்பும் மண்ணிறமுமாக, கழுத்துத் தடித்த கடுவன் உங்களிடம் இருந்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அதே 2013இல் கோல் ஒஃப் டியூட்டி கோஸ்ட்ஸில் வந்த ஜேர்மன் ஷெப்பேட் ரைலி. எங்களவர் 'அல்சேசன்' என்று சொல்லும் அதே சாதி. மெகா மான் மூன்றில், 1990இல், கதாநாயகனுக்குத் துணையாக வந்த சிவப்பு இயந்திர நாய் ரஷ். சின்னப் பெயர், ஓடுகிற நாய்க்கு ஏற்றது. அனிமல் கிராசிங்கில் கிற்றார் வாசிக்கும் வெள்ளை நாய் கே.கே. ஸ்லைடர். 'கேகே' என்று கூப்பிடலாம், ஆனால் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வந்தால் கே.கே.எஸ் வீதி ஞாபகமாக வைத்ததா என்று கேட்பார்கள்.

1995இல் வந்த யோஷிஸ் ஐலண்டில் பூச்சி என்றொரு நாய் இருக்கிறது. உண்மையாகத்தான், பெயரே பூச்சி. உள்ளங்கையில் அடங்கும் குட்டியைப் பார்த்து எந்த அம்மம்மாவும் சொல்லக்கூடிய பெயர். மூன்று வருசம் கழித்து அந்தப் பூச்சி ஆட்டுக்கடா அளவில் கேற்றடியில் நிற்கும்போது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஃபோல்அவுட் தொடரில் 1997 முதல் வரும் நாய்க்கு டோக்மீற் என்று பெயர். நாயிறைச்சி. அது அமெரிக்க நகைச்சுவை, அங்கேயே இருக்கட்டும். 1984இல் வந்த டக் ஹன்ற்றில் சுடத் தவறினால் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் நாயும் பிரபலம்தான், ஆனால் கேமில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை.

ஃப்ரீ ஃபயர் விளையாடுபவர்கள் துப்பாக்கிப் பெயர்களைவிட அதில் வரும் வளர்ப்புப் பிராணிகளைப் பார்க்கலாம். கழுகுக்கு ஃபல்கோ, நீர்நாய்க்கு ஒட்டெரோ, பிறகு றொக்கி, மூனி, ஷிபா. இவற்றில் ஃபல்கோதான் என் தெரிவு. இரண்டே அசை, ஓ என்று திறந்து முடிகிறது, அயலில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. பாத்திரங்களில் க்ரோனோ நல்லது. கால்பந்து வீரர் ரொனால்டோவை வைத்து உருவாக்கி 2020 இறுதியில் விட்ட பாத்திரம் அது. 1995இல் வந்த க்ரோனோ ட்ரிகர் என்ற ஜப்பானிய கேமின் கதாநாயகனுக்கும் ஏறக்குறைய இதே பெயர். பந்து விளையாடும் அண்ணனுக்கும் பழைய கேம் தேடி விளையாடும் தம்பிக்கும் ஒரே பெயரில் சமாதானம் ஆகிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழி. ஊரில் நூறு நாய்க்கு இருக்கும் பழைய பெயர்களே கேமிலும் இருக்கின்றன. ரொமி என்ற பெயர் இல்லாத ஒழுங்கை உண்டா? 2002இல் வந்த வைஸ் சிற்றியின் கதாநாயகன் அதே டொமிதான், டொமி வெர்செட்டி. ஜிம்மி? 2006இல் வந்த புல்லியில் பள்ளிக்கூடத்தையே புரட்டிப் போடும் பெடியன் ஜிம்மி ஹொப்கின்ஸ். ரெக்ஸ் என்றால் 1998இன் மெற்றல் கியர் சொலிட்டில் நடக்கும் பேரியந்திரம். மக்ஸ் என்றால் 2001இன் மக்ஸ் பெயின். கிங் என்றால் ரெக்கனில் சிறுத்தை முகமூடி போட்ட மல்லன். பேரன் கேம் பெயர் வைத்தேன் என்று நினைப்பான், அப்பப்பா ஊர்ப் பெயர் வைத்தான் என்று நினைப்பார். நாய்க்கு இரண்டு பேரிடமும் சோறு கிடைக்கும்.

3. கடுவன் பெயர்தானா என்று பாருங்கள்

நாய்க்கு இதில் ஒரு கவலையும் இல்லை. கவலை உங்கள் கூட்டாளிகளுக்கு. 'செல்டா' என்று வைத்துவிட்டு வாளோடு வரும் வீரன் என்று நினைப்பவர்கள் உண்டு. 1986 முதல் செல்டா இளவரசி, வாளோடு திரிபவன் லிங்க். மெற்றொய்டின் சேமஸ் முழுக்கவச உடுப்புக்குள் இருக்கும் பெண். விற்சர் கேமில் ஜெரால்ட் ஏறிப் போகும் ரோச் பெண்குதிரை. வலரன்ற் விளையாடுபவர்கள் ஜெற் என்று வைக்க ஆசைப்படுவார்கள், அவளும் பெண். அதில் ஆண் பெயர் வேண்டுமென்றால் சோவா இருக்கிறான்.

4. சோறு வைப்பவரின் வாயில் நுழைகிறதா

நாய்க்குப் பெயர் வைப்பது பெடியன், கூப்பிடுவது பெரும்பாலும் அம்மா அல்லது அம்மம்மா. மல்லாவியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேரன் 'க்ராட்டோஸ்' என்று வைத்தான். கோட் ஒஃப் வாரின் கதாநாயகன், 2005இல் தொடங்கி தெய்வங்களையே வெட்டித் தள்ளுபவன், கிரேக்கத்தில் பெயருக்கு வலிமை என்று பொருள். குட்டியும் நெஞ்சகன்ற குட்டிதான். அம்மம்மாவுக்கு அந்த 'க்ரா' நாக்கில் நிற்கவில்லை. முதலில் கிறாத்தோசு, பிறகு தாத்தோசு, கடைசியில் வெறும் தோசு. இப்போது அவர் மத்தியானம் சோற்றில் மீன்தலையைப் பிசைந்து, அலுமினியச் சட்டியைக் கிணற்றுக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டி 'தோசூ...' என்று ஒரு இழுவை இழுத்தால் நாய் முட்கம்பிக்குக் கீழால் பூந்து வருகிறது. பேரன் 'க்ராட்டோஸ்' என்றால் வாலை ஒருதரம் அடித்துவிட்டுத் திரும்பவும் படுக்கிறது.

ஆகவே பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போங்கள். சோறு வைப்பவரிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். அவர் வாயில் எப்படி வருகிறதோ அதுதான் நாயின் பெயர். அந்த உருவம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வையுங்கள், இல்லையென்றால் அடுத்த பெயர். சொல்லில் க்ர, ஸ்க், ஸ்ட்ர என்று மெய்கள் முட்டிக்கொண்டு நின்றால் அது வயதானவர் வாயில் உடையும் என்று முதலே எடுத்துக்கொள்ளலாம். மேலே நான் புகழ்ந்த க்ரோனோவும் இந்தப் பரீட்சையில் 'குறோனா' ஆகி, 2020இல் எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டிய நோயின் பெயரில் போய் முட்டக்கூடும். கேட்டுப் பார்த்துவிட்டே வையுங்கள்.

5. வயலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

ஆனி ஆடியில் சோளகக் காற்று வீசும்போது வரம்பில் நின்று நாயைக் கூப்பிட்டவர்களுக்குத் தெரியும், பெயரின் கடைசி எழுத்துத்தான் தூரம் போகும். உயிரில் முடியும் பெயரை இழுக்கலாம்: ரொமீ, ஃபல்கோஓ, சோவாஅ. மெய்யில் முடிந்தால் இழுக்க இடமில்லை. 'ரெக்ஸ்' என்று எவ்வளவு கத்தினாலும் ஸ் காற்றோடு போய்விடும், இழுத்தால் 'ரெக்ஸூ' ஆகும், அதுவும் பரவாயில்லை. தமிழ் இலக்கணம் விளிவேற்றுமை என்று இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. கூப்பிடும்போது தம்பி தம்பீ ஆகிறான், முருகன் முருகா ஆகிறான். அந்த வழியில் இயல்பாக நீளும் பெயர் எங்கள் தொண்டைக்கு வசதி.

இரண்டு அசை போதும். ஒரு அசைப் பெயர், சொப், ரஷ் போல, கிட்டத்தில் நல்லது, தூரத்துக்குக் குறைவு. மூன்றுக்கு மேல் போனால் எப்படியும் வீட்டார் சுருக்குவார்கள். அதை நீங்களே முன்கூட்டிச் சுருக்கி வைப்பது மேல்.

ஒரு பின்னேரம் வளவின் பின் வேலியில் ஒருவரை நிறுத்தி, நீங்கள் ஒழுங்கை முடக்கில் நின்று பெயரைக் கூப்பிடுங்கள். என்ன கேட்டது என்று அவரிடம் கேளுங்கள். பதில் சிரிப்பாக இருந்தால் அடுத்த படிக்கு நல்ல ஆயத்தம்.

6. ஒழுங்கைக்கு என்ன கேட்கும்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டக்கூடாது. பட்டியலில் பாதி இங்கேதான் விழும்.

முதலில் ஆட்களின் பெயர். லிங்க் என்று வயலில் கத்தினால் அடுத்த வரம்பில் லிங்கம் அண்ணை 'என்ன தம்பி?' என்று நிமிர்வார். மகாலிங்கமோ சிவலிங்கமோ இல்லாத ஊர் வன்னியில் இல்லை. முல்லைத்தீவுக் கரையிலும் மன்னார்ப் பக்கமும் வேதக்காரர் அதிகம். ஃப்ரீ ஃபயரில் வரும் அன்ரோனியோ, மிகேல், ரஃபாயெல் எல்லாம் அங்கே ஞானஸ்நானப் பெயர்கள், கடலுக்குப் போகிற மனிதர்களின் பெயர்கள். லாஸ்ற் ஒஃப் அஸ்ஸின் ஜோயல் எத்தனையோ வீட்டுப் பிள்ளையின் பெயர். விற்சரின் ஜெரால்டும் அப்படியே. அசாசின்ஸ் கிறீட் எட்சியோவை எங்கள் வாயில் 'எசியோ' என்று சொல்லிக் காற்றில் விட்டால் கோயில் முடிந்து வருகிறவர்களுக்கு வேறு பெயர் கேட்கும். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். முஸ்லிம் அயலவர்கள் இருக்கும் இடத்தில் ரெக்கனிலும் கோஸ்ற் ஒஃப் சுஷிமாவிலும் வரும் ஜின் என்ற பெயரை இரவில் உரத்துக் கூப்பிட்டால் அவர்கள் ரசிக்கமாட்டார்கள்.

பிறகு பொருட்களின் பெயர். மாரியோவின் எதிரி பவுசர். முரட்டுக் கடுவனுக்குப் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் இங்கே பவுசர் என்றால் தண்ணீர் வண்டி. ஆவணியில் கிணறு வற்றி, பிரதேச சபைத் தண்ணீருக்காக வாளியும் கானும் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் சனத்துக்கு நடுவே 'பவுசர்! பவுசர்!' என்று கத்திப் பாருங்கள். வாளியோடு ஓடிவந்தவர்களுக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். ஸ்ட்ரீற் ஃபைற்றரின் ரியூ, ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். யோஷி என்று கூப்பிட்டால் நாய் வரும், ஆட்கள் யோசிப்பார்கள். இது தீங்கில்லாத பகிடி, விருப்பமானால் வையுங்கள். பப்ஜி வரைபடங்களில் எராங்கலைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னால் இரங்கல் ஆகிவிடும். அந்த வரைபடத்தில் இருக்கும் பொச்சிங்கி என்ற ஊரைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் உரத்துச் சொல்லிப் பாருங்கள். சனொக் மட்டும் அந்தக் கூட்டத்தில் தப்புகிறது.

தெய்வங்கள். ஃபைனல் ஃபான்ரசி தொடரில் பனியைக் கொண்டு தாக்கும் தேவதைக்கு சிவா என்று பெயர். ஜப்பானில் அது ஒரு பெயர், இங்கே நாய்க்கு வைத்தால் அப்பப்பா உங்களோடு கதைக்கமாட்டார். அதேநேரம் வைரவரின் வாகனம் நாய். வயற்கரையில் ஒரு சூலத்தை நட்டு வைரவருக்கு வடைமாலை சாத்தும் சனம் நாயை இளக்காரமாகப் பார்ப்பதில்லை. கேலியான பெயரையும் அவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. விளையாடத் தெரியாதவரைக் கேமில் கேலிசெய்யும் 'நூப்', 'பொட்' போன்ற சொற்களை வைக்க நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

கடைசியாக ஆயுதப் பெயர்கள். போன் கேம் விளையாடும் பிள்ளைகள் முதலில் கேட்பது இவற்றைத்தான்: ஏகேஎம், குரோசா, ஸ்னைப்பர், கிரனேட். பதின்மூன்று வயதுப் பெடியனுக்கு அது புள்ளி எடுக்கும் கருவி. அவன் 2009க்குப் பிறகு பிறந்தவன். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் இருப்பவராக இருக்கலாம். டார்க் சோல்ஸ் போன்ற கேம்களில் கிளைமோர் என்றால் இரண்டு கையால் பிடிக்கும் பெருவாள். வன்னியில் அந்தச் சொல்லை வாள் என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. அது வீதியோரத்தில் வெடித்தது. மோட்டல் கொம்பற்றின் ஜோனி கேஜும் சைபர்பங்கின் ஜோனி சில்வஹாண்டும் நல்ல பாத்திரங்கள்தான், யாழ்ப்பாணத்தில் ஜோனி சாதாரண நாய்ப்பெயரும்கூட. இங்கே ஜொனி என்பது ஒரு மிதிவெடியின் பெயராகவும் இருந்தது. கோஸ்ற் ட்ரிக் கேமில் ஒரு பொமேரியனுக்கு மிசைல் என்று பெயர். ஜப்பானில் அது எல்லாருக்கும் சிரிப்பு.

பதவிகளும் அப்படித்தான். கோல் ஒஃப் டியூட்டி ரசிகர்கள் கப்டன் பிரைஸ் என்று ஆசைப்படுவார்கள். இங்கே பெயருக்கு முன்னால் கப்டன், மேஜர், லெப்டினன்ட் என்று வந்தால் அது பெரும்பாலும் திரும்பி வராத ஒரு பிள்ளையின் பெயர். அதை வீட்டுச் சுவரில் படமாக வைத்திருக்கும் அம்மா உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், நாய் ஓடும்போது நீங்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். 'பிரைஸ்' என்று மட்டும் வைத்தால் கேம் பெயரும் ஆயிற்று, யாருக்கும் நோவும் இல்லை. கேமில் அவருக்குத் துணையாக வரும் சோப் என்பவரின் பெயரும் இருக்கிறது. சவுக்காரம் என்று அயல் பிள்ளைகள் பட்டம் வைப்பார்கள், அதைத் தாங்கலாம்.

ஹேலோ என்ற பெயரும் இந்தப் பட்டியலில் வரும், ஆனால் நல்ல பக்கத்தில். 2001இல் வந்த அந்த கேம் ஒருபுறம் இருக்க, வன்னியில் 'ஹலோ' என்றால் 2002 முதல் இலங்கையில் கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட். நீலக் கவசம் கட்டி வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டும் வேலைக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அந்தப் பெயரை நாய்க்கு வைத்தால் யாரும் முகம் சுழிக்கமாட்டார்கள். ஒரே குறை, வீட்டில் யார் போன் எடுத்தாலும் நாய் எழும்பி வரும்.

7. கட்டளையோடு மோதாமல் இருக்கட்டும்

ஊர் நாய்க்கு நாங்கள் பாவிக்கும் சொற்கள் கொஞ்சம்தான்: இஞ்சை வா, இரு, கிட, விடு, அடிக். பெயர் இவற்றின் சாயலில் இருந்தால் நாய் குழம்பும். மாஃபியா இரண்டின் விட்டோ அழகான பெயர், ஆனால் வாயில் கோழிக்குஞ்சோடு நிற்கும் நாயிடம் 'விட்டோ, விடு!' என்று சொல்லும்போது அதற்கு என்ன விளங்கும்? வீட்டில் இருக்கும் ஆட்களின் செல்லப்பெயரோடும் ஒருதரம் ஒப்பிடுங்கள். குட்டித்தம்பிக்கு மூனு என்று பெயர் இருந்தால் நாய்க்கு மூனி வேண்டாம்.

8. பெயரைப் பழக்குவது

குட்டியைத் தாயிடம் இருந்து எட்டுக் கிழமைக்கு முன் பிரிக்காதீர்கள். வந்த அன்றே பெயர் சொல்லத் தொடங்கலாம்.

சின்னப் பிஸ்கட் துண்டையோ அவித்த ஈரலையோ கைக்குள் வையுங்கள். குட்டி வேறு எங்கேயோ பார்க்கும்போது பெயரை ஒருதரம், உற்சாகமான குரலில் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த கணமே துண்டைக் கொடுங்கள். ஒன்றிரண்டு செக்கனுக்கு மேல் பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். ஐந்து நிமிசத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு மூன்று நான்கு தரம் செய்தால் போதும். திரும்பவில்லை என்றால் பெயரைப் பத்துத் தரம் அடுக்கிச் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் அது காற்றுச் சத்தம் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் கிட்டப் போய், நாக்கைச் சொடுக்கி, திரும்பியதும் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு மற்ற நாய்கள் போகும் ஒழுங்கையில்.

பெயரைச் சொல்லி ஏசக்கூடாது. இது எங்கள் ஊரில் எல்லாரும் செய்யும் வேலை. செருப்பைக் கடித்துப் போட்டால் 'ரொமீ!' என்று அடித்தொண்டையில் கத்துகிறோம். நாலு நாளில் அந்தப் பெயர் கேட்டால் நாய் கட்டிலுக்குக் கீழே போகும். ஏசுவதற்கு 'அடிக்' இருக்கிறது, அதைப் பாவியுங்கள். கட்டிப்போடவோ குளிப்பாட்டவோ போகும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நீங்களே போய்ப் பிடியுங்கள்.

நாய்க்குப் பெயர் விளங்கும் அறிவு போதாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சேசர் என்ற போர்டர் கொலி 1,022 விளையாட்டுப் பொருட்களின் பெயரை வேறுபிரித்து எடுத்ததாக 2011இல் ஆய்வே வெளியானது. எங்கள் நாய்களுக்கு இருக்கும் பிரச்சினை, வீட்டில் நாலு பேர் நாலு விதமாகக் கூப்பிடுவதுதான். எல்லாரும் ஒரே உருவத்தைச் சொல்லுங்கள். கடுவனுக்கு இது இன்னும் முக்கியம். எங்கோ பெட்டை இருக்கிறது என்று மணம் பிடித்துவிட்டால் மூன்று ஊர் தாண்டிப் போய் வேறு கடுவன்களோடு கடிபட்டு வருவான். நலமடிக்க வசதி கிடைத்தால் செய்துவிடுங்கள். எந்தக் கேம் பெயரும் அந்த வேளையில் அவனைத் திருப்பாது.

9. அட்டையில் எழுதும் நாள்

விசர்நாய்த் தடுப்பூசி வருசா வருசம் போட வேண்டும். மரத்துக்குக் கீழே மேசை போட்டு ஊசி போடும் நாளில் அட்டையில் நாயின் பெயரையும் கேட்டு எழுதுவார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கேட்க அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிகிறதா என்பது ஒரு நல்ல பரீட்சை. எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய பெயர் என்றால் ஒரு கடுதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். கழுத்துப்பட்டியில் பெயரோடு உங்கள் போன் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள், ஏ9 வீதிக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு அது உதவும்.

வளர்ந்த நாயை எடுத்து வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு முதலே ஒரு பெயர் இருக்கும். அதன் ஓசைக்குக் கிட்ட ஒரு கேம் பெயரைத் தேடுங்கள். டைகர் என்று இருந்த நாயை ரைடன் ஆக்கலாம், மோட்டல் கொம்பற்றில் மின்னலைக் கையில் வைத்திருப்பவன். கொஞ்ச நாளுக்குப் பழையதும் புதியதும் சேர்த்துச் சொல்லி, பிறகு பழையதை விடுங்கள். டைகர் என்ற பெயரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று வன்னியில் யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது குட்டி வரும்போது மாரியோ இருக்கிறான், லுயீஜி என்று வைப்போம் என்று தோன்றும். அந்தச் சோடி ஓசையில் தள்ளித்தான் நிற்கிறது, பிழையில்லை. ரொமியும் றொக்கியும் ஒரே வளவில் வேண்டாம். ஒன்றைக் கூப்பிட இரண்டும் வரும், சட்டியில் சோறு ஒருவருக்குத்தான் இருக்கும்.